பேசும் பெட்டியும் பீடி சுற்றும் கையும்

புதுக் கருவிகளுக்குப் பரீட்சை வைப்பது யார்? தென்காசிச் சீமை சொல்லும் பதில்

ஜூன் மாதம் பிறந்தால் போதும். குற்றால மலையில் மேகம் இறங்கும். சாரல் அடிக்கும். அருவி கொட்டும். தென்காசிக்கு வரும் ரெயிலும் பஸ்சும் நிரம்பி வழியும்.

குளித்துவிட்டு வருகிறவர்களுக்குப் பசி எடுக்கும் அல்லவா? அவர்களுக்காக வரிசையாகக் கடைகள். மங்குஸ்தான், ரம்புட்டான், நேந்திரங்காய் சிப்ஸ், துண்டு, எண்ணெய்... எல்லாம் கிடைக்கும்.

அருவியின் இரைச்சல் ஒரு பக்கம். ஜனங்களின் கூச்சல் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே, கடைப் பலகையில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி திடீர் என்று பேசுகிறது. இத்தனை ரூபாய் வந்து சேர்ந்தது என்று தமிழில், உரக்கச் சொல்கிறது!

அதைக் கேட்டதும் கடைக்காரர் தலையை ஆட்டுகிறார். பழம் கை மாறுகிறது. வியாபாரம் முடிந்தது.

இந்தப் பெட்டி எப்படிப் பிறந்தது? அதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது.

பணம் வந்ததா, வரவில்லையா?

செல்போன் மூலம் பணம் அனுப்பும் 'யு.பி.ஐ.' முறை 2016-ம் ஆண்டு வந்தது. கடையில் கறுப்புக் கட்டங்கள் போட்ட அட்டை ஒன்று தொங்கும். அதற்கு எதிரே செல்போனைக் காட்டினால், கடைக்காரரின் பாங்கிக் கணக்குக்குப் பணம் போய்விடும்.

அந்தக் கட்டங்களைக் கண்டுபிடித்தது ஜப்பான். மோட்டார் கார் தொழிற்சாலைகளில் உதிரிப் பாகங்களை அடையாளம் காண, டென்சோ வேவ் என்ற கம்பெனி 1994-ல் அதைச் செய்தது. கார் பட்டறையில் பிறந்த கட்டம், பழக்கடைக்கு வந்துவிட்டது!

பணம் அனுப்பும் செயலியை (இதைத்தான் எல்லோரும் 'ஆப்' என்கிறார்கள்) படித்த இளைஞர்கள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். அனுப்புகிறவருக்குச் சிரமம் இல்லை. பட்டனைத் தட்டினால் முடிந்தது.

ஆனால் வாங்குகிறவர்?

பழக்கடை வைத்திருக்கும் ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். கை முழுவதும் ஈரம். சாரலில் நனையாமல் இருக்க, செல்போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருக்கிறார். முன்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள்.

"ஏ தம்பி, துட்டு வந்துட்டா?"

"அனுப்பிட்டேன் பாட்டி, இதோ பாருங்க!"

தம்பி செல்போனைக் காட்டுகிறான். அதில் என்னவோ இங்கிலீஷில் இருக்கிறது. பச்சை நிறத்தில் ஒரு குறி இருக்கிறது. அது உண்மையா, பொய்யா? பாட்டிக்கு எப்படித் தெரியும்? பழைய ரசீதின் படத்தைக் காட்டி ஏமாற்றிவிட்டுப் போகிறவர்களும் உண்டே!

பணம் வந்த செய்தியைப் பார்க்க வேண்டும் என்றால், ஈரக் கையைத் துடைக்க வேண்டும். பையைப் பிரிக்க வேண்டும். கண்ணாடி போட வேண்டும். அதற்குள் நாலு பேர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.

குளிர்சாதன அறையில் உட்கார்ந்து செயலி செய்த என்ஜினீயருக்கு இந்தத் தொல்லை தெரிய நியாயம் இல்லை. கடை கடையாகப் போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அதன் பிறகே பேசும் பெட்டி வந்தது.

பெட்டிக்குள் செல்போனில் இருப்பதைப் போல ஒரு சிம் கார்டு இருக்கிறது. பணம் வந்து சேர்ந்ததும் கம்பெனியில் இருந்து பெட்டிக்குச் செய்தி வரும். பெட்டி அதை வாய்விட்டுச் சொல்லும். எழுத்துத் தெரிய வேண்டாம். கையைத் துடைக்க வேண்டாம். காது கேட்டால் போதும்.

முந்தி 16, பிந்தி 84

எந்தப் புதுப் பொருள் வந்தாலும் முதலில் ஓடிப்போய் வாங்குகிறவர்கள் சிலர் உண்டு. மற்றவர்கள், "பார்க்கலாம்" என்று காத்திருப்பார்கள்.

இதை ஆராய்ந்தவர், அமெரிக்காவைச் சேர்ந்த எவரெட் ரோஜர்ஸ் என்ற பேராசிரியர். 1962-ல் அவர் எழுதிய புத்தகம் உலகப் புகழ் பெற்றது.

அவர் போட்ட கணக்கு இது:

100 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். புதியதை முதன் முதலில் தொட்டுப் பார்க்கிறவர்கள் 2½ பேர். அவர்களைப் பார்த்து உடனே சேருகிறவர்கள் 13½ பேர். ஆக 16 பேர். அதற்குப் பிறகு 34 பேர். அவர்களுக்குப் பின்னால் இன்னும் 34 பேர். கடைசியாக 16 பேர்.

கூட்டிப் பாருங்கள். முந்திக்கொள்கிறவர்கள் 16 பேர். நிதானமாக வருகிறவர்கள் 84 பேர்!

ஆனால் கம்பெனிகள் யாரைக் கேட்டுப் பொருள் செய்கின்றன? பெரும்பாலும் அந்த 16 பேரைத்தான். அவர்கள்தான் கடிதம் எழுதுகிறார்கள். குறை சொல்கிறார்கள். பாராட்டுகிறார்கள். மற்ற 84 பேர் வாய் திறப்பது இல்லை. பொருள் பிடிக்காவிட்டால், பேசாமல் பரண் மேல் போட்டுவிடுகிறார்கள்.

ரோஜர்ஸின் தகப்பனார்

கடைசியில் வருகிறவர்களைப் "பின்தங்கியவர்கள்" என்று சொல்வது வழக்கம். அது சரிதானா?

ரோஜர்ஸ் பிறந்தது அயோவா மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில். அவருடைய தகப்பனார் புது இயந்திரங்கள் என்றால் ஆசையாக வாங்குவார். ஆனால் புதிதாக வந்த ஒட்டு ரக மக்காச்சோள விதையை மட்டும் பல ஆண்டுகள் வாங்கவே இல்லை. 1936-ல் கடும் வறட்சி வந்தது. அக்கம்பக்கத்து வயல்களில் ஒட்டு ரகப் பயிர் தாங்கி நின்றது. இவருடைய பயிர் வாடிப்போனது. அதன் பிறகே மனம் மாறினார்.

ஒரே மனிதர்! இயந்திரத்துக்கு முந்துகிறார், விதைக்குப் பிந்துகிறார். ஆகவே, "இவர் முன்னேறியவர், அவர் பின்தங்கியவர்" என்று முத்திரை குத்துவது தவறு. தயங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

பெரும்பாலும் அந்தக் காரணம், நஷ்ட பயம்.

வசதி உள்ளவர் புதுச் செயலியில் தவறான பட்டனைத் தட்டி 500 ரூபாயை இழந்தால், "சரி, ஒரு பாடம்" என்று சிரிப்பார். தென்காசிச் சீமையில் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் ஒருவர் 500 ரூபாயை இழந்தால், வீட்டில் அடுப்பு எரியாது. அவர் தயங்குவதை அறியாமை என்று சொல்ல முடியுமா? அது கணக்குத் தெரிந்த ஜாக்கிரதை!

ரேகை தேய்ந்த விரல்

பீடித் தொழிலாளியின் கையைப் பாருங்கள். முறத்தை மடியில் வைத்து, இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, மடக்கி, நூலால் கட்ட வேண்டும். காலையில் தொடங்கினால் இருட்டும்வரை விரலுக்கு ஓய்வு இல்லை.

பீடி சுற்றுதல், களை எடுத்தல், செங்கல் சுமத்தல், பாத்திரம் தேய்த்தல்... இப்படிப் பல ஆண்டுகள் உழைத்த விரலில் ரேகை மங்கிவிடுவது உண்டு. வயதானாலும் மங்கும்.

2020-ல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்கு விரல் ரேகை பார்க்கும் கருவி வந்தது. போலியைத் தடுக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் தேய்ந்த விரலை வைத்தால், கருவி "நீ அவர் அல்ல" என்று சொல்லிவிடுகிறது! கையைத் துடைத்து, மீண்டும் வைத்து, வேறு விரலை வைத்து... வரிசை பின்னால் நீளுகிறது. அரிசி வாங்க வந்தவர் குற்றவாளியைப் போல நிற்கிறார்.

சோதனைச் சாலையில் அந்தக் கருவி நன்றாகவே வேலை செய்திருக்கும். அங்கே ரேகை தெளிவாக உள்ள இளைஞர்கள் விரல் வைத்திருப்பார்கள். உழைத்துத் தேய்ந்த விரல் அங்கே போயிருக்காது.

பிறகு மாற்று வழிகள் வந்தன. கண்ணின் கருவிழியைப் பார்த்து அடையாளம் காணும் கருவிகள் வந்தன. 70 வயதைத் தாண்டிய முதியோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வீட்டுக்கே ரேஷன் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் 'தாயுமானவர்' திட்டம், 2025 ஆகஸ்டு மாதம் தொடங்கியது. கருவிக்கு ஏற்றபடி மனிதரை மாற்ற முடியாது. மனிதருக்கு ஏற்றபடி கருவியைத்தான் மாற்ற வேண்டும்.

மிக்சி சொல்லும் கதை

இது இன்று நேற்றுத் தோன்றிய சங்கதி அல்ல. உங்கள் வீட்டு அடுப்பங்கரையிலேயே சாட்சி இருக்கிறது.

1960-களில், பம்பாயில் சத்யபிரகாஷ் மாத்தூர் என்ற என்ஜினீயர் இருந்தார். அவருடைய மனைவி மாதுரியிடம் ஜெர்மனியில் செய்த மிக்சி ஒன்று இருந்தது. அது கெட்டுப்போனது.

கெடாமல் என்ன செய்யும்? வெள்ளைக்காரர் வீட்டில் பழமும் முட்டையும் கலக்கச் செய்த கருவி அது. நம் வீட்டில் அதில் காய்ந்த மஞ்சளும் மிளகாயும் ஊறிய உளுந்தும் அல்லவா விழும்!

நம் நாட்டுச் சமையலுக்குத் தாங்கும் வலுவான மோட்டார் வைத்து மாத்தூர் ஒரு மிக்சி செய்தார். அதுதான் 'சுமீத்' மிக்சி. வீட்டுக்கு வீடு புகுந்தது.

செல்போனும் அப்படித்தான். இந்தியாவில் செல்போன் 1995-ல் வந்தது. அப்போது பேசுவதற்கும் காசு. வருகிற அழைப்பைக் கேட்பதற்கும் காசு. அது பணக்காரர்களின் பொம்மையாக இருந்தது.

2003-ல் நோக்கியா கம்பெனி '1100' என்ற சின்னப் போனை விட்டது. தூசி புகாத பட்டன்கள். வியர்த்த கையில் வழுக்காத பிடி. தலையில் ஒரு டார்ச் லைட்! கரண்டு போகும் ஊர்களையும், வெயிலில் உழைக்கும் ஜனங்களையும் பார்த்துச் செய்த போன் அது. உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றது.

டார்ச் லைட் பெரிய கண்டுபிடிப்பா? இல்லை. ஆனால் இருட்டில் வயலுக்குப் போகிறவருக்கு அதுதானே வேண்டும்?

கடற்கரையில் ஒலிபெருக்கி

புதுவைக்குப் பக்கத்தில் வீராம்பட்டினம் என்ற மீனவ கிராமம் இருக்கிறது. 1998-ல், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுவை கிராமங்களில் கம்ப்யூட்டர் மையங்களை அமைத்தது.

கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்ற முன்னறிவிப்பு, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் கிடைத்தது. ஆனால் விடியுமுன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிற மீனவர், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இங்கிலீஷ் படிப்பாரா?

மையத்தில் இருந்தவர்கள் அந்தச் செய்தியைத் தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கரையில் நின்றவர்கள் காதில் விழுந்தது. எங்கோ இருக்கும் புதிய யந்திரமும், நம் ஊர்ப் பழைய குழாய் ஸ்பீக்கரும் கைகோத்தன. உயிர் காக்கும் செய்தி, போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆய்க்குடியில் ஓர் அதிசயம்

மீண்டும் தென்காசிக்கு வருவோம். தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி என்ற ஊர் இருக்கிறது. அங்கே 'அமர் சேவா சங்கம்' என்ற நிறுவனம் நடக்கிறது.

அதைத் தொடங்கியவர் எஸ். ராமகிருஷ்ணன். 1975-ல் அவர் என்ஜினீயரிங் மாணவர். கடற்படை அதிகாரி வேலைக்கான தேர்வுக்குப் போனார். உடல் திறன் சோதனையில் விழுந்து கழுத்தில் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடல் செயல் இழந்தது.

அவர் மனம் தளரவில்லை. மாற்றுத் திறனாளிகளுக்காக 1981-ல் சங்கத்தைத் தொடங்கினார். தசை நலிவு நோயால் சக்கர நாற்காலியில் இருக்கும் ஆடிட்டர் சங்கரராமன் பிறகு அவருடன் சேர்ந்தார். 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இந்தச் சங்கம் ஒரு செயலியை உருவாக்கியிருக்கிறது. 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்பது அதன் பெயர். எல்லோரையும் சேர்த்துக்கொள்வது என்பது அதன் கருத்து.

அது எதற்கு?

பிறந்த குழந்தை சில மாதங்களில் தலை நிற்க வேண்டும். பிறகு குப்புற விழ வேண்டும், உட்கார வேண்டும், நடக்க வேண்டும். 9 மாதம் ஆகியும் தானாக உட்காரவில்லை, 18 மாதம் ஆகியும் நடக்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். சிறு வயதில் மூளை வேகமாக வளருகிறது. அப்போதே பயிற்சி கொடுத்தால் பலன் அதிகம். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம்.

ஆனால் பயிற்சி கொடுக்கும் நிபுணர்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். தென்காசியில் இருந்து திருநெல்வேலிக்கு 50 கிலோ மீட்டருக்கு மேல். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால், தாய்க்கு ஒரு நாள் கூலி போகும். வாரம் இரண்டு தடவை போக முடியுமா? பல தாய்மார்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

இந்தத் தாய்மார்களை மனதில் வைத்துத்தான் ஏற்பாடு நடக்கிறது. பயிற்சி பெற்ற கிராமப் பணியாளர் வீட்டுக்கே வருகிறார். குழந்தையைப் பார்க்கிறார். செயலி கேட்கும் கேள்விகளுக்கு விடைகளைப் பதிவு செய்கிறார். வேறு ஊரில் இருக்கும் நிபுணர் அதைப் பார்த்து, என்ன பயிற்சி தேவை என்று சொல்கிறார். பணியாளர் தாய்க்குக் கற்றுக்கொடுக்கிறார். தாய் வீட்டிலேயே செய்கிறார்.

கவனித்தீர்களா? "எல்லாத் தாய்மார்களும் ஸ்மார்ட் போன் வாங்குங்கள், இங்கிலீஷ் படியுங்கள்" என்று யாரும் சொல்லவில்லை. செயலிக்கும் தாய்க்கும் நடுவே, அதே சீமையின் பேச்சு பேசும் ஒரு மனித முகம் இருக்கிறது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து உலகத்தைப் பார்த்தவர்களுக்கு, படிக்கட்டு எங்கே தடுக்கும் என்று நன்றாகத் தெரியும்!

மத்தளம்பாறையில் பரீட்சை

குற்றாலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சிற்றூர் மத்தளம்பாறை. ஸ்ரீதர் வேம்பு தொடங்கிய 'ஜோஹோ' கம்ப்யூட்டர் கம்பெனி, 2011-ல் இந்தப் பகுதியில் அலுவலகம் திறந்தது. உலகத்தின் பல நாடுகளில் வாடிக்கையாளர்களின் புகார்களைக் கவனிக்க உதவும் 'ஜோஹோ டெஸ்க்' என்ற மென்பொருள், இந்தத் தென்காசி அலுவலகத்தில் உருவானது.

அந்தக் கம்பெனி 2021-ல் 'அரட்டை' என்ற செயலியை வெளியிட்டது. செய்தி அனுப்பவும் பேசவும் உதவும் செயலி. நாலு ஆண்டுகள் சத்தம் இல்லாமல் இருந்தது. 2025 செப்டம்பரில் திடீர் என்று அலை எழும்பியது. நாளுக்கு 3 ஆயிரம் பேர் சேர்ந்த இடத்தில், மூன்றே நாளில், நாளுக்கு 3½ லட்சம் பேர் சேரத் தொடங்கினார்கள் என்று ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார்.

இது பெரிய வெற்றிதான். ஆனால் ஓடி வந்து சேருகிறவர்கள் முந்திக்கொள்ளும் கூட்டம். உண்மையான பரீட்சை அதன் பிறகு வருகிறது.

கடையநல்லூரில் ஒரு தாய். மகன் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறான். அவருக்கு எழுதத் தெரியாது. ஆனால் செல்போனில் ஒரு பொத்தானை அழுத்திப் பேசி, குரலை அனுப்பத் தெரியும். "ஏலே ராசா, சாப்பிட்டியா?" என்று தினமும் கேட்கிறார். மகனின் குரல் திரும்பி வருகிறது. அவருக்கு அதுதான் கடிதம்.

இந்தத் தாய் ஒரு செயலியை விட்டு இன்னொன்றுக்கு எப்போது மாறுவார்? மகன் மாறினால் மாறுவார். மகளும் சம்பந்தியும் மாறினால் மாறுவார். பொத்தான் பழைய இடத்தில் இருந்தால் மாறுவார். பத்திரிகையில் விளம்பரம் வந்தது என்பதற்காக மாற மாட்டார்.

அவரைப் போன்றவர்கள்தான் அந்த 84 பேர். அவர்கள் எப்படிப் போனைப் பிடிக்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்க, செயலி செய்கிறவர்கள் வெளிநாடு போக வேண்டியது இல்லை. மத்தளம்பாறையில் அலுவலகக் கதவைத் திறந்து வெளியே வந்தால் போதும்!

வீட்டில் செய்ய வேண்டியது

கம்பெனிகளுக்குச் சொன்ன புத்தி, நமக்கும் பொருந்தும்.

வீட்டில் பாட்டியோ தாத்தாவோ, "இதை எப்படிப்பா செய்வது?" என்று கேட்டால், வெடுக்கென்று போனைப் பிடுங்கி நாமே செய்துவிடுகிறோம். அப்படிச் செய்தால் அவர்கள் என்றைக்குக் கற்பது? போன் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். விரல் அவர்களுடையதாக இருக்கட்டும். நம் வாய் மட்டும் பேசட்டும்.

ஒரே நாளில் பத்து வேலை சொல்லிக்கொடுக்க வேண்டாம். வாரத்துக்கு ஒன்று போதும். எழுத்துப் பெரியதாகத் தெரியவும், தமிழில் வரவும் போனிலேயே வசதி இருக்கிறது. முதல் வேலையாக அதைச் செய்துகொடுங்கள்.

பட்டன் போன் வைத்திருப்பவர்களும் பணம் அனுப்ப, 'யு.பி.ஐ. 123 பே' என்ற முறை 2022 மார்ச்சில் வந்தது. ஸ்மார்ட் போன் வாங்கினால்தான் உண்டு என்று இல்லை.

இரண்டு விஷயங்களை மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம் செய்துவையுங்கள்:

ஒன்று: பணம் அனுப்பத்தான் ரகசிய எண் வேண்டும். பணம் வாங்க ரகசிய எண் வேண்டவே வேண்டாம். "உங்களுக்குப் பணம் வருகிறது, ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று எவனாவது சொன்னால், அவன் திருடன்!

இரண்டு: ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவு தூரம் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

பயந்தவரைப் பரிகாசம் செய்தால், அவர் இன்னும் பயப்படுவார். ஒரு தடவை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால், அடுத்த தடவை அவரே பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொடுப்பார். புதுக் கருவிகள் ஊருக்குள் பரவுவது அப்படித்தான்!